கவர் இங்கே, தட்டு அங்கே

"அம்மா, அப்பா ஃபோன்ல 'திருடன்'னு ஒரு நம்பர் இருக்கு. அவருக்கும் சொல்லணுமா?"

மகன் பரத் இதைக் கேட்டபோது சுலோசனா ரெகார்டு அலமாரிக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஐஸ் பெட்டிக்குள் அவள் கணவர் வேலாயுதம் படுத்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர், காபி வருவதற்குள் போய்விட்டார். வாய் ஓயாமல் பேசும் மனிதர், போகும்போது மட்டும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை.

"சொல்லு. சொல்லலைன்னா அதுக்கு வேற ஒரு சண்ட வரும்."

"யாரும்மா திருடன்?"

"சாம்பு சார்."

பரத்துக்குப் புரிந்துவிட்டது. வாசல் பக்கம் போய்ப் பேசிவிட்டு வந்தான். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ஃபோன எடுத்த உடனே, 'என்ன ஓய், கவரக் குடுக்க மனசு வந்துடுத்தா?'ன்னாரும்மா. நான் விஷயத்தச் சொன்னேன். அப்புறம் அவர் பேசவே இல்ல. கட் பண்ணவும் இல்ல."

"வருவாரு," என்றாள் சுலோசனா. அவள் தேடியது கையில் தட்டுப்பட்டது.

அது ஒரு பழைய இசைத்தட்டின் அட்டை உறை. வெள்ளிக் கால்சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரி, கண்ணாடிச் சில்லுகள் பதித்த உருண்டைக்குக் கீழே இடுப்பில் கை வைத்து நின்றாள். உறைக்குள்ளே தட்டு கிடையாது. அதுதான் பிரச்சினையே.

வேலாயுதம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். வாலிப வயதில் ரயில்வே இன்ஸ்டிட்யூட் விழாவில் டிஸ்கோ ஆடி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். கால் தேறியதே தவிர பைத்தியம் தெளியவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், விஜயநகரிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மண்டி மொஹல்லாவின் குஜரிக் கடைகளுக்குப் போய்விடுவார். பழைய இரும்புக்கும் பேப்பர் கட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து பிறர் கழித்துப் போட்ட ரெகார்டுகளைப் புரட்டுவார். பாகவதர் வேண்டாம், பக்திப் பாட்டு வேண்டாம், டிஸ்கோ மட்டும்தான். சாமான் வாங்கி வரச் சொன்னால் மறந்துவிடுவார், அக்குளில் மட்டும் சதுரமாக ஏதாவது இருக்கும்.

மைசூரில் இந்தப் பைத்தியம் தனக்கு மட்டும்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், தேவராஜ மொஹல்லாவிலிருந்து சாம்பு என்ற பாங்க் கிளார்க் அதே கடைக்கு வந்து சேரும்வரை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதோ பழைய பங்களாவைக் காலி செய்த சாக்கு மூட்டை அந்தக் கடைக்கு வந்தது. மூட்டையை அவிழ்த்ததும் வெள்ளிக் கால்சட்டைக்காரி தெரிந்தாள். இருவரும் ஒரே சமயத்தில் பாய்ந்தார்கள். வேலாயுதம் உறையைப் பிடித்து இழுத்தார். உள்ளே இருந்த தட்டு வழுக்கிக்கொண்டு சாம்புவின் கையில் விழுந்தது. கடைக்காரர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, வெளியே போய்த் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

அது தீரவே இல்லை. கவர் இல்லாத தட்டு அநாதை என்பார் வேலாயுதம். தட்டு இல்லாத கவர் வெறும் காலண்டர் என்பார் சாம்பு. ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கவில்லை, ஒருவரையொருவர் விடவும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறு சாயங்காலமும் சாம்பு ஃபோன் செய்வார். ஹலோ கிடையாது. ஊசி விழும் கரகரப்பு, பிறகு அந்தத் தட்டின் ஒரு பக்கம் முழுவதும். பறிகொடுத்ததை நினைத்து வேலாயுதம் வயிறு எரிய வேண்டும், அதற்காகத்தான். இவரும் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்பார். லுங்கிக்குக் கீழே பாதம் தாளம் போடும். முடிந்ததும் விறைப்பான குரலில், "கீறல் இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

போன வருஷம் நெஞ்சு வலி வந்து திரும்பிய பிறகு சுலோசனாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பென்ஷன் விஷயமாக ஏதோ சொல்லப் போகிறார் என்று அவள் நினைத்தாள்.

"நான் போனா மொதல்ல வர்றது சாம்புதான். எல்லாரும் என் மூஞ்சியப் பார்ப்பாங்க. அவன் அலமாரியப் பார்ப்பான். கவரக் குடுத்துடாத."

"சரி," என்றிருந்தாள் அவள். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் பொறுப்பாக ஒப்படைத்தது அது ஒன்றுதான்.

ஆகவே சாவு வீட்டில் சுலோசனாவுக்கு அழ நேரம் இருக்கவில்லை. உறையை எங்கே ஒளிப்பது? பீரோவை மருமகள் சைத்ரா நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்தாள். படுக்கையறையில் சொந்தக்காரர்கள் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் விரித்திருந்த ஜமக்காளத்துக்கு அடியில் உறையைத் தள்ளி, அதன்மேல் தானே உட்கார்ந்துகொண்டாள்.

உட்கார்ந்தவள் நகரவில்லை. அட்டை மடங்கிவிடக் கூடாதே என்று ஒரு பக்கமாகவே பாரத்தைப் போட்டிருந்ததில் கால் மரத்துப்போனது. கொள்ளேகாலிலிருந்து வேலாயுதத்தின் அக்கா கமலம்மாள் வந்து இறங்கி, தம்பியைப் பார்த்து ஒரு பாட்டம் அழுது முடித்துவிட்டு அவளிடம் வந்தாள்.

"ஏந்திரி கண்ணு. ஒரு வாய் காப்பித் தண்ணி குடிச்சுப்போட்டு வந்து உக்காரு."

"வேண்டாம் அண்ணி."

"அழுதராச்சும் செய்யி. இப்புடிக் கல்லாட்டம் உக்காந்திருந்தா நெஞ்ச அடச்சுக்கும்."

"அப்புறம் அழறேன் அண்ணி."

கமலம்மாள் அப்படியே உருகிவிட்டாள். வாசலில் பந்தல் போடுகிறவர்கள்வரை கேட்கும்படி, "என்ற தம்பிய விட்டு ஒரு எட்டு நகர மாட்டேங்கறாளே, இந்தக் காலத்துல இப்படி ஒருத்தியா," என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். எதிர் வீட்டுக் கன்னடக்காரம்மா அதைக் கேட்டு மூக்கைச் சிந்தினாள். சுலோசனாவுக்குக் கூச்சமாக இருந்தது. எழுந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். அப்போதுதான் வாசலில் சாம்பு தெரிந்தார்.

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். கையில் ஜவுளிக் கடைப் பை, தட்டையாக ஏதோ உள்ளே. நேராக வந்து பெட்டிக்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, வேலாயுதம் சொன்ன மாதிரியே, தலையைத் திருப்பி அலமாரியைப் பார்த்தார். தெற்கே தலை வைக்க வேண்டும் என்று பெட்டியை அலமாரியை ஒட்டிப் போட்டிருந்தார்கள். ஆடுகிற பெண்களின் படங்கள் இழவு வீட்டில் கண்ணில் படக் கூடாது என்று சைத்ரா அதன்மேல் ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டிருந்தாள். விரிப்பைப் பார்த்ததும் சாம்புவின் முகம் சுருங்கியது.

சுலோசனா ஜமக்காளத்தில் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தாள்.

பரத் நல்ல பிள்ளை. பெங்களூரில் வேலை, யாரையும் மனம் நோக விடமாட்டான். அவன் சாம்புவின் தோளைத் தொட்டு, "அங்கிள், காரியமெல்லாம் முடியட்டும். அப்பா கலெக்‌ஷன்ல உங்களுக்கு எது வேணுமோ எடுத்துக்குங்க, நமக்கு இதெல்லாம் கொத்தில்லா, ஒண்ணும் தெரியாது," என்றான்.

பெற்ற வயிறு பற்றி எரிந்தது சுலோசனாவுக்கு. சாம்பு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடியில் நிறுத்தி வைத்துக்கொண்டார். அதற்குள் போட்டு எடுத்துக்கொண்டு போகத்தான் பையோடு வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தீர்மானமாகிவிட்டது. பாவி மனுஷன், பிணம் வெளியே போகும்வரைகூடப் பொறுக்க முடியவில்லை.

மதியத்துக்குப் பிறகு குளிப்பாட்டுவதற்காகப் பெட்டியைத் திறந்தார்கள். ஆண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"கொஞ்சம் தள்ளிக்கம்மா," என்றான் பரத்.

"நான் இங்கயே இருக்கேன்."

"தூக்கறதுக்கு எடம் வேணும்மா."

"அந்தப் பக்கமா தூக்குங்க."

அந்தப் பக்கம் சுவர் இருந்தது. கமலம்மாள் கண்ணைக் காட்ட, இரண்டு பெண்கள் சுலோசனாவின் கைக்கு ஒருவராகப் பிடித்துத் தூக்கினார்கள். மரத்த கால் நிற்கவில்லை. அவள் சரிந்தாள், அவளோடு ஜமக்காளமும் சரிந்தது. கூடத்தின் நடுவில் வெள்ளிக் கால்சட்டைக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள்.

கமலம்மாள் குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"ஆரு இவ?" என்றாள் கமலம்மாள்.

"தெரியாது அண்ணி."

"தெரியாமயா அடியில போட்டு உக்காந்திருந்த? என்ற தம்பிக்கு இப்படி ஒருத்தி வேற இருந்தாளா?"

எதிர் வீட்டு அம்மா விசும்பலை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். பரத்துக்குக் காது சிவந்துவிட்டது.

"அத்தை, அது ரெகார்டு கவர். டிஸ்கோ."

சுலோசனா குனிந்து உறையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். ஒரு மூலை மட்டும் லேசாக மடங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கணவரிடம் பேச்சு வாங்கப்போகிற பயம் வந்தது. பழக்க தோஷம்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சாம்பு எழுந்து வந்தார். அவள் பின்வாங்கி அலமாரியில் முட்டிக்கொண்டாள்.

"குடுக்க மாட்டேன் சார். அவர் சொல்லிட்டுப் போயிருக்காரு."

சாம்பு பையைத் திறந்தார். உள்ளே ஒரு பழைய வேட்டித் துணி. துணிக்குள்ளே கறுப்பாக, ஒரு தூசி இல்லாமல், அந்தத் தட்டு.

"நான் கேக்க வரலை, குடுக்க வந்தேன்," என்றார். "செத்தாலும் தர மாட்டேன்னு சொல்லிண்டிருந்தேன். நான் சாகறதத்தான் சொன்னேன். இவர் இப்படிப் பண்ணுவார்னு யார் கண்டா? இந்தாங்கோ. இனிமே ஒண்ணா இருக்கட்டும்."

சுலோசனா தட்டைப் பார்த்தாள். இதற்காக அவள் கணவர் எத்தனை ஞாயிற்றுக்கிழமை பல்லைக் கடித்திருக்கிறார். கையை நீட்டினால் போதும், வேலாயுதம் ஜெயித்துவிடுவார். அவர் இருந்திருந்தால் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்திருப்பார். ஆனால் அவர் இல்லை. தட்டும் இங்கே வந்துவிட்டால் சாயங்காலம் ஃபோனில் போட அங்கே என்ன இருக்கும்?

"வேண்டாம் சார்."

"என்ன?"

"கவரக் குடுக்காதன்னு மட்டும்தான் சொன்னாரு. தட்ட வாங்கிக்கோன்னு சொல்லல. எடுத்துட்டுப் போங்க."

"சும்மா குடுக்கறேங்கறேன்."

"சும்மா குடுத்தா அவரு வாங்குவாரா?"

சாம்பு அவளையே பார்த்தார். காலையிலிருந்து தொங்கிப்போயிருந்த தோள்கள் கொஞ்சம் நிமிர்ந்தன.

"அப்போ கவர் கெடையாது?"

"கெடையாது."

"தட்டும் கெடையாது."

"சரி."

அவர் தட்டை வேட்டித் துணியில் பத்திரமாகச் சுற்றிப் பைக்குள் வைத்தார். "கிறுக்குப் புடிச்ச கூட்டம்," என்றாள் கமலம்மாள், பொதுவாக.

குளிப்பாட்டிக் கொண்டுவந்து கிடத்தியதும் சுலோசனா வாய்க்கரிசி போட்டாள். அவர் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து, "பத்திரமா இருக்குங்க," என்று மெல்லச் சொன்னாள். அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. வந்ததும் அது நிற்கவில்லை. அவள் பெரிதாகக் கதறினாள், கமலம்மாளே பயந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டாள். பெண்கள் வாசலோடு நின்றார்கள். வேன் புறப்பட்டபோது பின் இருக்கையில் சாம்பு தெரிந்தார். ஒரு கை பாடையின் விளிம்பில், மறு கை மடியிலிருந்த பையின் மேல்.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். பரத் மொட்டைத் தலையோடு திரும்பி வந்தான். படம் வைத்து விளக்கேற்றினார்கள். சைத்ரா அலமாரியிலிருந்து விரிப்பை எடுத்துத் துவைக்கப் போட்டாள். சாயங்கால வெயில் கூடத்தில் விழுந்து, ரெகார்டுகளின் முதுகுகள் வரிசையாகத் தெரிந்தன.

விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருந்த வேலாயுதத்தின் ஃபோன் அடித்தது. பரத் எட்டிப் பார்த்தான். திருடன்.

"நான் எடுக்கறேன்," என்றாள் சுலோசனா.

காதில் வைத்துக்கொண்டாள். ஹலோ இல்லை. ஊசி விழுந்தது, கரகரத்தது. பிறகு மேளமும் கிதாருமாக ஒரு கூட்டமே உள்ளே நுழைந்தது. இத்தனை வருஷமும் கணவர் கேட்பதைப் பார்த்திருக்கிறாளே தவிர அவள் இதைக் காதில் வாங்கியதில்லை. இப்படி ஒரு இரைச்சலா என்று முதலில் தோன்றியது. பிறகு அப்படித் தோன்றவில்லை. ஒரு பக்கம் முழுவதும் அசையாமல் கேட்டாள். புடவை ஓரத்தில் அவளுடைய கால் பெருவிரல் தரையைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கமலம்மாள் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பாட்டு முடிந்து ஊசி சும்மா சுற்றும் சத்தம் கேட்டது.

சுலோசனா தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"கீறல் இருக்கு," என்றாள்.

அந்தப் பக்கம் சாம்புவின் குரல் பிசிறியிருந்தது.

"எங்க இருக்காம்?"

"அடுத்த ஞாயித்துக்கெழம திரும்பப் போடுங்க, சொல்றேன்," என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள்.