முள் ஏறவில்லை

கோப்பாய் தாண்டித் தெரு வெறிச்சோடியதும் நிமலினி மூன்றாம் கியரில் ஆக்சிலேற்றரை அடிமட்டம் வரை மிதித்தாள். டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ற் மீற்றரின் முள் 0.4 வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. போன மாதம் இதே தெருவில் 0.8ஐத் தொட்ட முள்.

நெல்லியடியில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறவள் அவள். கார், தொண்ணூறுகளில் ஜப்பானிலிருந்து வந்த டர்போ வைத்த சின்னக் கார். டோகாவில் வேலை செய்யும் கணவன் றூபன் லீவில் வரும்போதெல்லாம் இருவருமாகச் சேர்ந்து, இரண்டு வருடமாகக் கழற்றிப் பூட்டியது. ஓட்டுவது அவள்தான். அடுத்த மாதம் தெற்கில் நடக்கும் கால் மைல் கார் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்க இருந்தாள்.

றூபன் பயணம் போவதற்கு முதல்நாள் கார் பிரேக் வேலைக்காக றமேசின் கராஜுக்குப் போனது. நாலு நாள் அங்கே நின்றது. வந்ததிலிருந்து இந்தக் குறை.

காரை நேரே அங்கே கொண்டுபோய் விட்டாள். றமேஸ் டர்போ குழாய்க்குள் கொம்பிறசரால் காற்றடித்து, இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்த்தான். ஒரு குமிழிகூட வரவில்லை.

"லீக் இல்லை அக்கா."

"அப்ப என்ன?"

"பழைய சாமான்தானே. உதுவே காணும், உப்பிடியே ஓடுங்கோ."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு பிழையென்றால் சாப்பாட்டையும் மறந்து தேடுகிறவன், இன்றைக்குத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். மேசைக்குக் கீழே சாக்கால் மூடி ஒரு டர்போ கிடந்தது. அதே அளவு.

"உது ஆற்றை?"

"கொழும்புப் பெடியன் ஒருத்தன்ரை."

உடனேயே சொன்னான். கொஞ்சம் அவசரமாகச் சொன்னது போலவும் இருந்தது. மாற்றிப் போட்டுவிட்டானோ? வீடு வரும் வழியெல்லாம் அவளுக்கு அதுதான் யோசனை. ஐந்து வருடமாகத் தெரிந்தவன், வீட்டில் எத்தனை தரம் தேத்தண்ணி குடித்திருப்பான். ஆனாலும் நல்ல டர்போ இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கிறது?

வீட்டுக் கராஜின் கதவைத் திறந்து வெளிச்சம் வரவிட்டு, கடையிலிருந்து எடுத்துவந்த சின்னக் கண்ணாடியை எஞ்சினுக்குள் நீட்டினாள். டர்போவின் தகட்டிலிருந்த இலக்கத்தைப் போனிலிருந்த பழைய படத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாள். அதே இலக்கம்தான்.

வெட்கமாக இருந்தது. கண்ணாடியை வெளியே எடுக்கும்போது தள்ளுகம்பி கண்ணில் பட்டது. அழுத்தம் அளவுக்கு மேல் போனால் டர்போவிலுள்ள சின்னக் கதவைத் தள்ளித் திறக்கிற கம்பி அது. அதை நீட்டிவிட்டால் கதவு முந்தியே திறந்துவிடும், பூஸ்ற் ஏறாது. பூட்டிய ஒவ்வொரு நட்டிலும், அசைந்தால் தெரியும்படி, அவள் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்திருந்தாள். மற்றக் கோடுகளெல்லாம் நேராக இருந்தன. கம்பியின் நட்டில் மட்டும் கோடு இரண்டாக விலகிக் கிடந்தது. அதைப் போனில் படமெடுத்தாள்.

மறுநாள் காலை றமேசுக்கு முன்னால் போனை நீட்டினாள். "இதை ஆர் திருப்பினது?"

அவன் படத்தை நெடுநேரம் பார்த்தான். "அண்ணை சொல்ல வேண்டாமெண்டவர்."

"எந்த அண்ணை?"

"றூபன் அண்ணைதான். பயணம் போற அண்டு காலமை வந்தவர். தானேதான் திருப்பினவர் அக்கா, நான் தொடேல்லை. நீங்கள் கேட்டால் பழைய சாமானெண்டு சொல்லச் சொன்னவர்."

அங்கே நின்றபடியே அவள் டோகாவுக்கு எடுத்தாள். றூபன் மறுக்கவில்லை.

"நீ அந்த ஓட்டத்துக்குப் போறதை நினைச்சால் எனக்கு நித்திரை வராதப்பா. நான் இஞ்சை இருந்துகொண்டு என்ன செய்யிறது?"

"பயமெண்டால் என்னட்டைச் சொல்லியிருக்கலாமே. நேற்று முழுக்க இந்தப் பெடியனைக் கள்ளனெண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சனான்."

அதோடு அவள் விடவில்லை. "வேறை என்னத்தைத் திருப்பினனீங்கள்?" என்று கேட்டாள்.

"வேறை ஒண்டுமில்லை."

நம்பத்தான் ஆசை. ஆனாலும் போனை வைத்ததும் றமேசை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பிரேக்கிலிருந்து ஸ்ரியரிங் வரை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உண்மையாகவே வேறு ஒன்றுமில்லை. பிறகு தானே ஸ்பானரைப் பிடித்து, கம்பியை அரைச் சுற்று அரைச் சுற்றாகக் குறுக்கினாள். ஒவ்வொரு தரமும் ஓடிப் பார்த்தார்கள். ஆறாம் தரம் முள் 0.8இல் நின்றது.

"குறை நினைக்காதை தம்பி," என்றாள் இறங்கும்போது. றமேஸ் தலையை ஆட்டினான். அன்றைக்குத் தேத்தண்ணிக்கு நிற்கவில்லை.

அன்று பின்னேரமே ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்து, பதிவுச் சீட்டின் படத்தை றூபனுக்கு அனுப்பினாள். பதினொரு நாள் ஒரு பதிலும் இல்லை. பன்னிரண்டாம் நாள், கடையில் ஒரு கிழவருக்குக் கண்ணாடிக் கால் இறுக்கிக்கொண்டிருக்கையில் செய்தி வந்தது: "ஹெல்மற் வாங்கப் போறன். தலை அளவு என்ன?"

இதற்குள்ளும் ஏதாவது இருக்குமோ என்று கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேசை லாச்சியைத் திறந்து அளவுநாடாவை எடுத்தாள்.