ஆறாம் நாற்காலியின் பாட்டு

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. மூன்று மாடியையும் படியில் ஏறி, 'விளம்பரப் பிரிவு' என்று எழுதிய கண்ணாடிக் கதவைத் தள்ளியபோது அவளுக்கு மூச்சிரைத்தது. கோபம் மட்டும் ஒரு படிகூடக் களைக்கவில்லை.

"அதை எடுங்க. இப்பவே."

மேலாளர் சுழல்நாற்காலியில் திரும்பினார். முகமெல்லாம் பல். "வாங்க வாங்க, நம்ம ஸ்டார்! காலைலேருந்து மூணு லட்சம் பேர் பாத்துட்டாங்க. சேர்மனே ஷேர் பண்ணியிருக்கார். ட்ரீட் எப்போ?"

அவள் அந்த ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் டெக்னீஷியன். சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்து உடம்புக்கே திருப்பி அனுப்பும் வேலை. ஆளுக்கு வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம். முதலில் ஆணி மாதிரித் தடித்த இரண்டு ஊசிகளைக் கையில் ஏற்ற வேண்டும். அதற்கென்று அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். நோயாளிக்குப் பிடித்த பாட்டைத் தன் செல்போனில் போடுவாள். பாட்டு முடிவதற்குள் ஊசி இரண்டும் உள்ளே போயிருக்கும்.

ஆறாம் நாற்காலித் தையலம்மாவுக்கு எப்போதும் ஒரே பாட்டு. படகோட்டி ஒருத்தன் கரையைத் திட்டிக்கொண்டே துடுப்புப் போடும் பழைய பாட்டு. வருஷக் கடைசியில் பாட்டுச் செயலி அவளுக்கு அறிவித்தது: 'இந்த ஆண்டு உங்கள் மனம் கவர்ந்த பாடல் இதுதான். 149 முறை கேட்டீர்கள்!'

அவளுக்கு அந்தப் பாட்டே பிடிக்காது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கணக்குப் புரிந்தது: அத்தனை முறை அந்தக் கையில் ஊசி ஏற்றியிருக்கிறாள். ஊரே வருஷத்தைத் திரும்பிப் பார்த்துப் பதிவு போட்டுக்கொண்டிருந்த நேரம். அவளும் போட்டாள். அந்த அறிவிப்பு, கூடவே அவளே எடுத்த ஒரு படம். ஊசி ஏறிய தையலம்மாவின் கை, முகம் இல்லாமல். 'என் வேலைக்கு அர்த்தம் இருக்கிறது' என்று ஒரு வரி. அவளைப் பின்தொடர்பவர்கள் அறுபத்திரண்டு பேர், பாதி சொந்தக்காரர்கள்.

மீதியில் ஒருவர் இந்த மேலாளர். படத்தை உருவி, பாட்டைச் சேர்த்து, ஆஸ்பத்திரியின் முத்திரையை மூலையில் ஒட்டி ரீல் ஆக்கிவிட்டார்.

"பேஷண்ட்டைக் கேட்டீங்களா?"

"முகமே தெரியலையே மேடம். வெறும் கை. கைக்கெல்லாம் யாராவது பர்மிஷன் கேப்பாங்களா?"

"அந்தக் கைல தேய்ப்புப்பெட்டி சுட்ட தழும்பு இருக்கு. அவங்க மகனுக்கு அது யார் கைன்னு தெரியாதா?"

"தெரிஞ்சா சந்தோஷப்படட்டுமே!"

"அம்மாவுக்கு நோய்னே அவனுக்குத் தெரியாதுய்யா!"

வாரம் மூன்று நாள் தையல் வகுப்பு எடுப்பதாகத்தான் தையலம்மா மகனிடம் சொல்லியிருந்தாள். "தெரிஞ்சா மறுநாளே என் கிட்னியை எடுத்துக்கோன்னு வந்து நிப்பான். மூட்டை தூக்கிப் பிழைக்கறவன். ரெண்டு சின்னப் பிள்ளைங்க. வேண்டாம்டி" என்று முதல் நாளே இவளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

மேலாளர் கைகளை விரித்தார். "சேர்மன் ஷேர் பண்ணதை நான் எப்படி எடுக்கறது? ரெண்டு நாள்ல தானா அடங்கிடும். அதோட, படத்தை முதல்ல போட்டது நீங்கதானே?"

செருப்பால் அடித்திருந்தால்கூட இப்படி உறைத்திருக்காது. சொன்னது உண்மை.

அவள் அங்கேயே நின்று போனை எடுத்தாள். ரீலுக்குக் கீழே தட்டினாள்: 'இந்தக் கைக்கு உரியவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. படம் எடுத்த நானும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியும் கேட்கவில்லை.' கீழே தன் பெயர், தன் பதவி.

மேலாளரின் பற்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. "என்ன பண்றீங்க?"

"அர்த்தமுள்ள வேலை."

"வேலை போயிடும்!"

"போகட்டும். அதையும் ரீல் போடுங்க."

நாலே நிமிஷம். ரீல் காணாமல் போனது.

இறங்கி ஓடினாள். டயாலிசிஸ் அறைக் கதவைத் திறந்ததும் கால் நின்றுவிட்டது. ஆறாம் நாற்காலிக்கு முன்னால் ஒருவன் நின்றிருந்தான். சட்டையெல்லாம் சிமெண்ட் தூசி. கையில் பஸ் டிக்கெட் கசங்கியிருந்தது.

"கிளாஸ் எப்ப முடியும்மா?" என்றான், அடிக்குரலில்.

தையலம்மாவால் எழுந்து போக முடியாது. ரத்தம் குழாயில் ஓடிக்கொண்டிருந்தது. "இன்னும் அம்பது நிமிஷம்" என்றாள்.

"நான் யாரும்மா உனக்கு? மூணு லட்சம் பேருக்கு அப்புறம் தெரிஞ்சுக்கறவனா?" அவன் டெக்னீஷியன் பக்கம் திரும்பினான். "கிட்னி குடுக்க டெஸ்ட் எங்கே எடுக்கணும்?"

"டேய்! ஒரு சொட்டு ரத்தம் குடுத்துப் பாரு. இந்த நாற்காலிக்கே இனி நான் வரமாட்டேன்!"

"வராம?"

"வராமத்தான்!"

அவன் கதவைப் படாரென்று சாத்திவிட்டு வெளியேறினான். ஆனால் போகவில்லை. வராந்தாவில் நின்று சுவரை முறைத்துக்கொண்டிருந்தது கண்ணாடி வழியே தெரிந்தது.

ஐம்பது நிமிஷம் ஆனது. படத்தை முதலில் போட்டது தான்தான் என்று டெக்னீஷியன் அதற்குள் சொல்லியிருந்தாள். பிறகு ஊசிகளை உருவினாள். உருவிய இடத்தில் பஞ்சை வைத்துப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டால் ரத்தம் பீறிடும். இவளாலும் நகர முடியாது, அவளாலும் நகர முடியாது.

"எத்தனை லைக்கு?" தையலம்மா கூரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"ஆஸ்பத்திரி போட்டதுக்கா?"

"நீ போட்டதுக்கு."

"முப்பத்தொண்ணு."

"முப்பத்தொண்ணுக்கா என்னை வித்தே? கொஞ்சம் பேரம் பேசக்கூடாதாடி?"

டெக்னீஷியனுக்கு மன்னிப்பு என்ற சொல் அந்தப் பஞ்சைவிட லேசாக இருந்தது. விரலை மட்டும் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"லேப் எங்கேன்னு அவன் திரும்பக் கேட்டா வாயைத் திறக்காதே. இந்த வாக்கையாவது காப்பாத்து."

"சரிம்மா."

"நாளன்னிக்குப் பாட்டுப் போடாதே. சும்மா குத்து."

"வலிக்கும்மா."

"வலிக்கட்டும்."

டெக்னீஷியன் தலை நிமிர்ந்தாள். "அப்ப நாளன்னிக்கு வருவீங்களா?"

"பின்னே? உன்னைத் திட்டறதுக்குப் பத்து நிமிஷம் எப்படிடி போதும்?" என்றாள் தையலம்மா. கண் வராந்தாப் பக்கமே இருந்தது. "அழுத்திப் பிடி. கசியுது பாரு."