பட்டுத் தந்தி

முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு சத்தத்தின் விலை கல்கத்தாவில் பதினோரு ரூபாய். சித்பூர் சாலையில் சாரங்கிக்குத் தந்தி முறுக்கும் கடைக்காரன் பதினைந்து சொன்னான். சுந்தரம் ஏழில் ஆரம்பித்து, இரண்டு முறை படியிறங்கி, மூன்றாம் முறை இறங்குவதுபோலப் பாவனை மட்டும் செய்து முடித்துக்கொண்டார். படாபஜாரில் இருபது வருஷமாக மதராஸ் லுங்கியும் பட்டும் மொத்தமாக விற்கிறவருக்கு இதெல்லாம் காலைக் காப்பி மாதிரி. பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்ட பிறகுதான் இது எதில் செய்கிறது என்று கேட்டார். "பக்ரி கா ஆந்த், பாபுஜி" என்றான் அவன். ஆட்டுக் குடல். சரக்கை வாங்கிய பிறகு ரகம் விசாரித்தது அவருடைய வியாபார வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

எல்லாம் மகள் வசுமதிக்காக. கான்வென்டில் வயலின் கற்றுக்கொண்டவள். பார்க் ஸ்ட்ரீட் பக்கத்துத் தேவாலய மண்டபத்தில் ஒரு சங்கம் இளைஞர் குழுக்களுக்குப் போட்டி வைத்திருந்தது. பழைய காலத்து ஐரோப்பிய சங்கீதத்தை அந்தக் காலத்தில் எப்படி வாசித்தார்களோ அப்படியே வாசிக்க வேண்டும் என்பது நிபந்தனை. எஃகுத் தந்தி கூடாது, குடல் தந்திதான். சுருதியை அரைப்படி இறக்க வேண்டும். விரலை நடுக்கி ஸ்வரத்துக்கு மெருகு ஏற்றும் இந்தக் காலத்து வழக்கமும் ஆகாது. ஜெயிக்கும் குழுவுக்கு பம்பாயில் இறுதிப் போட்டி, அதோடு ஹாலந்திலிருந்து வருகிற வித்வான்களிடம் ஒரு மாதப் பயிற்சி. குழல் ஊதும் டெரிக், செல்லோ வாசிக்கும் ஷர்பாணி, பழைய பியானோ மாதிரி ஒன்றை மீட்டும் பார்சிப் பையன், இவர்களோடு வசுமதி. அடுத்த வருஷம் அவள் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். வந்தால் இந்த வருஷம், இல்லையென்றால் இல்லை.

சுந்தரத்தின் மனைவி நாகரத்தினம் திருநெல்வேலிச் சைவம். பெஹாலாவில், எல்லோரும் மாஷிமா என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி அம்மாளின் அடுப்பிலிருந்து தினமும் மீன் வறுபடும் வாசனை ஏறி வரும் மாடியில், முட்டைக்கூட்டு அளவுக்குக்கூட இறங்கி வராமல் இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவள். வாத்தியம் என்றால் சாமி. வயலின் கூடத்தில் முருகன் படத்துக்குக் கீழே, விளக்குக்கு முன்னால்தான் இருக்கும். புதுத் தந்திகளைப் பார்த்து, "என்னது இது, மஞ்சளா?" என்று அவள் கேட்டபோது, சுந்தரத்தின் நாக்கு மூளையைக் கலந்தாலோசிக்காமல் வேலையை முடித்தது. "முறுக்கின பட்டு" என்றார். அவள் முகம் மலர்ந்தது. பட்டு என்றால் சுத்தம். பட்டுக்கும் ஆயிரம் புழு வெந்நீரில் போகத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கணக்கை எந்தச் சைவ வீட்டிலும் யாரும் எடுப்பதில்லை.

இப்படியே மழைக்காலம் முழுக்க ஓடியது. போட்டி நடக்கும் சனிக்கிழமை காலை, வசுமதி அரைநாள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த நேரத்தில், நாகரத்தினம் வயலின் பெட்டியைத் திறந்தாள். தந்திகளின்மேல் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. வில்லில் தடவுகிற குங்கிலியப் பொடிதான். ஆனால் கல்கத்தா மழைக்காலத்தில் பட்டின்மேல் வெள்ளை தெரிந்தால், அது பூஞ்சை. பீரோவிலிருக்கும் புடவைகளுக்கு என்ன செய்வாளோ அதையே செய்தாள். ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து, மகள் மேடையேறும் நாளாயிற்றே என்று ஒவ்வொரு தந்தியையும் அழுத்தித் துடைத்தாள். பிறகு அரிசி களையப் போனாள். ஈரம் குடித்த குடல் உப்பும், உப்பியதும் நீளம் குறைந்து விறைப்பாக இழுக்கும். களைந்து முடிப்பதற்குள் கூடத்தில் படீரென்று ஒரு சத்தம்.

அறுந்தது இருப்பதிலேயே மெல்லிய தந்தி. நாகரத்தினம் அதன் நுனியை விரலில் உருட்டிப் பார்த்தாள். பட்டு இப்படிப் பிரியாது. ஜவுளிக்காரன் பெண்டாட்டிக்குச் சந்தேகம் வந்தால் சாட்சி தேவையில்லை, தீக்குச்சி போதும். கொளுத்தி முகர்ந்தாள். காளி பூஜைக்கு அடுத்த நாள், சந்தில் ஆட்டுத்தலையை நெருப்பில் வாட்டும்போது ஜன்னலை எதற்காக மூடுவாளோ, அந்த வாசனை முருகனுக்கு முன்னால் எழுந்தது.

வசுமதி மாடியேறி வந்தபோது அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே வயலின், தந்தி சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"இது பட்டு இல்லல்லா?"

வசுமதி தோள்பையை இறக்கவில்லை. "இல்லம்மா."

"ஒனக்கு மொதல்லயே தெரியுமா?"

"வயலின் மிஸ் சொன்னாங்க. அதுக்குள்ள அப்பா உன்கிட்ட பட்டுன்னு சொல்லிட்டாரு."

"ஒங்க அப்பா யாவாரி. பொய் அவுக கடைச் சரக்கு. நீ ஏம்ளா வாயத் தொறக்கல?"

"சொன்னா நீ விட்டிருக்க மாட்டே."

"வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டேன். கீழ மாஷிமா வீட்டுல வச்சு வாசிச்சுக்கோன்னு சொல்லியிருப்பேன்." நாகரத்தினம் அறுந்த துண்டைத் தள்ளி வைத்தாள். "ஊரெல்லாம் பேரம் பேசுத வீடு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலயே ரெண்டு பேரும்."

வசுமதி உதட்டைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். போட்டி நாலு மணிக்கு. அம்மாவும் பார்த்தாள். பிறகு எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாஷிமா வீட்டு டெலிபோனுக்குக் கீழே இறங்கினாள்.

"ஏங்க, கொடல் ஒண்ணு வேணும். இருக்கதுலயே ஒல்லியானது. வாங்கிட்டு நேரா மண்டபத்துக்கு வந்துருங்க."

மறுமுனையில் படாபஜாரின் இரைச்சலுக்கு நடுவே சுந்தரம் குரலைத் தாழ்த்தி, "எந்தக் கடையில?" என்றார்.

"எந்தக் கடையில பட்டு வாங்கினியளோ, அந்தக் கடையில."

தமிழ் தெரியாத மாஷிமா வெற்றிலையை மென்றபடி, "ஷப் பாலோ தோ?" என்று கேட்டாள். எல்லாம் நலம்தான் என்று வங்காளியில் சொல்லிவிட்டு நாகரத்தினம் குளிக்கப் போனாள்.

சுந்தரம் அன்று பேரம் பேசாமல், கடைக்காரன் கேட்ட விலையைக் கொடுத்தார். கடைக்காரன் பயந்துபோய், கெட்ட சரக்கைக் கொடுத்துவிட்டோமோ என்று தந்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

புதுக் குடல் தந்தி நீண்டு படிய இரண்டு மூன்று நாளாகும். வசுமதிக்குக் கிடைத்தது அரைமணி. மண்டபத்துப் பின்னறையில் முறுக்குவாள், தந்தி நீண்டு சுருதி இறங்கும். மறுபடி முறுக்குவாள். மேடையிலும் இறங்கியது. இந்தக் காலத்து வாசிப்பில் விரலை நடுக்கிக் கொஞ்சம் பூசி மறைத்துவிடலாம். அந்தக் காலத்து முறையில் அதற்கும் இடமில்லை. அபஸ்வரம் அபஸ்வரமாகவே, விளக்குப் போட்ட மாதிரி, எல்லோருக்கும் தெரிய நின்றது. ஒவ்வொரு தடவையும் அவள் விரலை ஒரு நூல் மேலே தள்ளி வைத்து ஸ்வரத்தைத் தேடினாள். முதல் பகுதி முடிந்ததும் டெரிக் குழலை இறக்கிவிட்டு அவளுக்காகக் காத்திருந்தான். அவள் முளையைத் திருகி, காதைத் தந்தியோடு ஒட்டவைத்துக் கேட்டுவிட்டுத் தலையசைத்தாள். அடுத்தது மெதுவான பகுதி. அதில் கொஞ்ச நேரம், எப்படியோ, தந்தி நின்று கொடுத்தது. நாகரத்தினம் அதுவரை மடியில் கோத்திருந்த கையைப் பிரித்தாள். எஃகுத் தந்தியின் மினுமினுப்பு இதில் இல்லை. மில் துணி அடுக்குக்கு நடுவே கை தற்செயலாக ஒரு கைத்தறியைத் தொட்டுவிட்ட மாதிரி, சொரசொரப்பாக, நெய்தவன் மூச்சோடு இருந்தது. இதைப் போய் இத்தனை நாள் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அரிசி களைந்துகொண்டே கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. அப்புறம் மறுபடி இறங்கிவிட்டது.

கடைசியில் நடுவர் கரும்பலகையில் மதிப்பெண்களை எழுதினார். நாலு பத்தி, ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து. வசுமதி குழுவின் வரிசையில் பழைய முறைக்கு இருபத்து மூன்று, குழுவின் ஒற்றுமைக்கு இருபத்திரண்டு, நயத்துக்கு இருபத்தொன்று, சுருதிக்குப் பன்னிரண்டு. நடுவர் கூட்டிப் பார்க்குமுன் சுந்தரம் எழுபத்தெட்டு என்று முணுமுணுத்துவிட்டார். முதலில் வந்த குழுவுக்கு எண்பத்தாறு.

வந்ததிலிருந்து அவரிடம் பேசாதிருந்த நாகரத்தினம் பலகையைப் பார்த்தபடியே கேட்டாள். "எத்தனை கொறையுது?"

"எட்டு."

"எதுல?"

"சுருதியிலதான்."

"தொடச்சது நானு."

"பட்டுன்னு சொன்னது நானு," என்றார் சுந்தரம். "எட்டையும் எம்பேர்ல எளுதிக்கோ."

"மொத்தமா எடுத்தா அப்புறம் தள்ளுபடி கேப்பிய." அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஒங்களுக்கு அஞ்சு. எனக்கு ரெண்டு."

சுந்தரம் ஒப்புக்கொண்டார். பேரம் பேசக்கூடிய விலை இல்லை அது. ஆனாலும் கூட்டல் உறுத்தியது.

"மிச்சம் ஒண்ணு?"

நாகரத்தினம் மேடைப் பக்கம் திரும்பினாள். பெட்டியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு வசுமதி நாற்காலி வரிசைகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தாள். ஒரு வரிசை தள்ளி நின்று அம்மாவைப் பார்த்தாள். அந்த ஒன்று இன்னும் யார் பேரிலும் ஏறவில்லை.