ஐந்து மணி வகுப்பு

"இன்னிக்கு வகுப்பும் கிடையாது, கிகுப்பும் கிடையாது. ஆத்துக்கு அஞ்சு பேர் வரா. அவா குடிச்ச டம்ளரை யார் அலம்புவா?" என்றாள் ஜலஜா.

"அஞ்சு மணிக்குப் போனா ஆறுக்கு வந்துடுவேன்மா. இன்னிக்கித்தான் பேர் எழுத கத்துக்குடுக்குறாங்கோ," என்றாள் வேலைக்காரி சுந்தரவல்லி.

"இந்த வயசுல எழுத்து எதுக்கு உனக்கு? லெட்டர் வந்தா நான் படிச்சுச் சொல்லலையா?"

சொல்வாள். வேலூரில் வாழ்க்கைப்பட்ட மகள் சுந்தரவல்லிக்கு எழுதும் இரண்டு பக்கக் கடிதம் ஜலஜாவின் வாயில் 'சௌக்கியமாம்' என்று ஒரே சொல்லாகச் சுருங்கிவிடும். மயிலாப்பூரின் அந்தப் பெரிய வீட்டில், கார் ஷெட்டை ஒட்டிய அறையில் பதினெட்டு வருஷமாகக் கிடக்கும் தாய்க்கு, மிச்சப் பக்கங்களில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் மாநகராட்சிப் பள்ளியின் முதியோர் வகுப்பு.

நாலரை மணிக்கு வாசகர் வட்டம் கூடியது. பட்டுப் புடவை, மல்லிகை, ஆளுக்கொரு ஜெராக்ஸ் பிரதி. அமெரிக்காவில் அடிமையாக இருந்து தப்பிய ஒரு பெண் எழுதிய சுயசரிதை அது. கல்லூரி ஆசிரியை ஹம்சா ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொன்னாள்.

"இவ எழுத்துக் கத்துக்கப்படாதுன்னு எஜமானி கண்கொத்திப் பாம்பா காவல் இருக்கா. இவ ஒளிஞ்சு ஒளிஞ்சு கத்துக்கறா. ஓடிப்போனதும் எஜமானி சொல்றா, 'ஆத்து மனுஷியாட்டம் வெச்சிண்டேன், நன்றி இல்லையே'ன்னு."

"ராட்சசி," என்று ஜலஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைக்குட்டை முன்கூட்டியே மடியில் தயாராக இருந்தது.

காலி டம்ளர்களை எடுக்க வந்த சுந்தரவல்லி நின்றுவிட்டாள்.

"இதெல்லாம் அந்தம்மா தன் கையால எழுதினதா?"

"ஆமா, அவளே எழுதினது," என்றாள் ஹம்சா.

சுந்தரவல்லி உள்ளே போனாள். சிலேட்டும் மகளின் கடிதக் கட்டுமாகத் திரும்பி வந்தாள். அவள் எப்போதும் போகும் கொல்லை வழியை விட்டுவிட்டு, கூடத்தின் நடுவே அத்தனை பேரையும் கடந்து வாசலுக்கு நடந்தாள்.

"டம்ளரெல்லாம் அப்படியே கிடக்கு. எங்க கிளம்பற?"

"கிளாஸுக்கும்மா. லெட்டர இனிமே நானே படிச்சிக்கிறேன்."

வாசல் கேட் சாத்தும் சத்தம் கேட்டது.

"பதினெட்டு வருஷம் ஆத்து மனுஷியாட்டம் வெச்சிண்டேன். நன்றி இருக்கா பாருங்கோ," என்றாள் ஜலஜா. பெண்கள் சிலர் உச்சுக்கொட்டினார்கள். நல்லவர்களுக்குக் காலமில்லை என்று ஒருத்தி பெருமூச்சுவிட்டாள். உச்சுக்கொட்டியவர்கள் யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை.

"நீ மேல படி, ஹம்சா," என்றாள் ஜலஜா.

ஹம்சா மேலே படிக்கவில்லை. எஜமானி பேசும் அந்தப் பக்கத்தையே, முதல் வரியிலிருந்து, மறுபடி உரக்கப் படித்தாள்.