பட்டிக்குள் வந்த பைக்கால் சிறகி

2025 மார்ச் 6, வியாழக்கிழமை காலை ஏழே காலுக்கு, சுந்தரபாண்டியபுரத்துக்குக் கிழக்கே ஒரு குளத்தில் ஆண் பைக்கால் சிறகி ஒன்று காணப்பட்டது. சைபீரியாவில் குஞ்சு பொரித்து, குளிருக்குக் கொரியா, சீனப் பக்கம் போகும் வாத்து இனம். இந்தப் பக்கம் வருவதில்லை.

கண்டவர் நெல்லையப்பன், தென்காசியில் ஒரு பள்ளியின் ஆய்வக உதவியாளர். வேலைக்குப் போகுமுன் குளம் குளமாகச் சுற்றிப் பறவை பார்க்கிறவர். சிறகி தனியாக இல்லை. அறுத்த வயலில் உதிர்ந்த நெல்லுக்காகப் பிச்சையா ஓட்டி வந்திருந்த வாத்துக்கூட்டத்தோடு நின்றது. அறுநூறு வாத்துகள். பிச்சையாவும் மனைவி முத்துசெல்வியும் ஊர் ஊராக லாரியில் கொண்டுபோய் மேய்ப்பவை. அவர்களுக்கு வேறு பிழைப்பில்லை.

“மூஞ்சியப் பாருங்க, மஞ்சளும் பச்சையுமா. கோயில் கொடைக்கு வேஷம் கட்டுன மாரி,” என்றார் பிச்சையா.

“அண்ணாச்சி, இது லேசுல வராது,” என்றார் நெல்லையப்பன். “ மெட்ராஸ்லேர்ந்து பாக்க ஆளுக வாராக. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பறந்து போயிரக்கூடாது, அவ்வளவுதான்.”

“நாளைக்கு லாரி சொல்லியிருக்குலா,” என்றாள் முத்துசெல்வி. “அது இரை எடுக்கல. கழுத்த ஒரு பக்கமா வச்சிக்கிட்டு நிக்கி. கேரளாவுல வாத்துக்குச் சீக்குன்னு புளியரை செக்போஸ்ட்டுல வண்டி டயருக்கெல்லாம் மருந்தடிக்காங்க. இத விரட்டி விடுங்க.”

“பறந்து வந்த களைப்பும்மா,” என்றார் நெல்லையப்பன். அவருக்கு அது உறுதியாகத் தெரியாது.

“ஏட்டி, தானா வந்து சேந்தத விரட்டக் கூடாது. எங்க அப்பன் ஒருநாளும் விரட்டுனதில்ல,” என்றார் பிச்சையா.

“உங்க அப்பன் வச்சிருந்தது அறுவது. நம்மகிட்ட இருக்கது அறுநூறு.”

பிச்சையா லாரியைத் திங்களுக்குத் தள்ளினார். சாயங்காலம் கூட்டத்தோடு சிறகியும் வலைப்பட்டிக்குள் நுழைந்தது. புதிதாக வரும் வாத்துக்கு ஒரு பக்க இறக்கையின் இறகுகளை நறுக்கிவிடுவது மேய்ப்பவர்கள் வழக்கம்; அப்புறம் அது கூட்டத்தை விட்டு எழும்பாது. பிச்சையா சிறகியைப் பிடித்துக் கத்தரி போட்டார். பிறகு நெல்லையப்பனுக்குப் போன் செய்தார்.

“இனி எங்கனயும் போவாது சார். நிம்மதியா வாங்க.”

“வெட்டுனத யார்கிட்டயும் சொல்லாதீங்க அண்ணாச்சி. காட்டுப் பறவை, கேஸாயிரும்,” என்றார் நெல்லையப்பன்.

சனிக்கிழமை காலை சிறகி பட்டியின் மூலையில் செத்துக் கிடந்தது. ஏழெட்டு வாத்துகள் கழுத்தை முறுக்கிக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றின. அவற்றின் கண்கள் வெளுத்திருந்தன. முத்துசெல்வி தனியே பிரித்துப் போட்டாள். மதியத்துக்குள் நாற்பது ஆயிற்று. போனை வாங்கி அவளே பேசினாள்.

“சார், உங்க விருந்தாளி போய்ட்டாரு. போட்டோ எடுக்க வாரவங்களச் சீக்கிரம் வரச் சொல்லுங்க. இன்னும் நிறைய கெடக்கு.”

நெல்லையப்பன்தான் கால்நடை மருத்துவருக்குச் சொன்னார். மாதிரிகள் போபால் ஆய்வகத்துக்குப் போயின. செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது: பறவைக் காய்ச்சல். சிறகி கொண்டுவந்ததா, மற்ற வாத்துகளிடமிருந்து அதற்குத் தொற்றியதா என்பது அதில் இல்லை.

புதன்கிழமை காலை, உடல் முழுக்க வெள்ளைப் பாதுகாப்பு உடை மாட்டிய கால்நடைத் துறையினர் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பொக்லைன் கரையோரம் குழி தோண்டியது. மிஞ்சியிருந்த நானூற்றுப் பதினோரு வாத்துகளும் பகல் ஒன்றரை மணிக்குள் கொல்லப்பட்டு, சுண்ணாம்பு போட்டு மூடப்பட்டன.