அறுத்த ஸ்பிரிங்

மூன்று நாளாகத் தண்ணீர் இறைக்கும் எஞ்சின் கிளம்பவில்லை. வாய்க்கால் வறண்ட வைகாசி. மருதையன் குத்தகைக்கு உழும் வயலில் கதிர் பால் பிடிக்கும் நேரம் பார்த்தா மக்கர் பண்ண வேண்டும்? போதாததற்கு, உழுகிறவன் பெயரைச் சர்க்கார் ஏட்டில் ஏற்றும் அதிகாரி அன்றைக்குத்தான் வருகிறார். பெயர் ஏறிவிட்டால் பண்ணையாரின் அப்பனே வந்தாலும் அசைக்க முடியாது. ஏறாவிட்டால் ஒன்பது வருஷப் பாடும் மண்ணோடு போச்சு.

"ஆபீசர் வர்ற நேரம் வரப்புல நில்லுங்க. எஞ்சின அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் அவன் மனைவி அம்சம்.

"பயிரு கருகிக் கெடந்தா, நான் வெள்ளாம பண்றேன்னு எவன்டி நம்புவான்?"

சொன்னால் கேட்கிற ஆளா அவன்! சுற்றுவட்டாரத்தில் எந்த எஞ்சின் படுத்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை.

பண்ணையாரின் எஞ்சின் கொட்டகையில் உட்கார்ந்து எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினான். வால்வு ஸ்பிரிங்கை அமுக்கும் இரும்புக் கவையை மாட்டி, பிடியை அழுத்தினான். வழக்கமாக நெஞ்சை முட்டுக்கொடுத்தால்தான் இறங்கும். இன்றைக்கு ஒற்றைக் கையிலேயே கொழுக்கட்டை மாவாக அமுங்கியது. பூட்டுத் துண்டுகள் இரண்டையும் எடுத்துவிட்டு ஸ்பிரிங்கை உருவினான். இரண்டு சுற்றுக் குறைந்தது; இப்படி இருந்தால் வால்வு இறுக மூடாது, எஞ்சின் கிளம்பாது. அறுத்த முனை புதுசாகப் பளபளத்தது.

போன தையில் அவன் கையால் மாட்டிய ஸ்பிரிங். கவை இல்லாமல் இத்தனை நறுவிசாகக் கழற்றி மாட்ட முடியாது. ஊரில் இருப்பதோ அந்த ஒரு கவைதான். போன வாரம் அதை இரவல் வாங்கிப்போனவன் அம்சத்தின் தம்பி பஞ்சநதம். வாங்கின சாமானைத் துடைத்துக் கொடுத்து அறியாத பயல், எண்ணெய் போட்டுத் துடைத்துத் திருப்பிக் கொடுத்திருந்தான்.

"அடப்பாவி, எதுக்குடா?" என்று வாய்விட்டே கேட்டான் மருதையன்.

வாசலில் ஜீப் நின்றது. அதிகாரியும் பண்ணையாரும் இறங்கினார்கள். பின்னாலேயே பஞ்சநதம், வெள்ளை வேட்டியில்.

அதிகாரி மருதையனின் கறுத்த கைகளைப் பார்த்தார். "நீதான் மெக்கானிக்கா?"

யார் கேட்டாலும் அவன் நிமிர்ந்து சொல்லும் பதில், யோசிப்பதற்குள் வந்துவிட்டது. "ஆமாங்க."

"நான்தான் சொன்னேன்ல சார்" என்றான் பஞ்சநதம். "வயல உழுவுறது நானு. எஞ்சின் பார்க்க மச்சான வரச் சொன்னேன்."

பண்ணையார் தலையாட்டினார். சொன்னபடி ஆடுகிறவன் பெயரில் ஏறினால் நிலம் அவர் கையை விட்டுப் போகாதே.

"பொய்யிங்க! ஒம்போது வருசமா நான் உழுவுறேன். ஸ்பிரிங்க அறுத்ததே இவன்தாங்க, பாருங்க!"

"எஞ்சின் தகராறு எல்லாம் என்கிட்ட வேணாம்ப்பா" என்று அதிகாரி பேனாவைத் திறந்தார். பஞ்சநதத்தின் பெயரை எழுதி முடித்து அவர் ஏறியதும் ஜீப் கிளம்பிவிட்டது. பண்ணையாரும் அதிலேயே ஏறிக்கொண்டார்.

கஞ்சித் தூக்கோடு வந்த அம்சம் அத்தனையையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். "கூடப் பொறந்தவடா நான்" என்றாள்.

"ஒன்ன பட்டினி போட்டுருவேனாக்கா? நெல்லு அளந்து தர்றேன்." அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்ன பஞ்சநதம், மருதையன் பக்கம் திரும்பினான். "மச்சான், சீக்கிரம் வேற ஸ்பிரிங்க மாட்டிவிட்டுட்டுப் போங்க. என் பயிரு காயுது."