சூரியன் மறைவதற்குள் வீடு திரும்பிய நன்கொடை

உருளைக்கிழங்கு கிலோ இருபத்திரண்டு சோமுக்கு விற்ற அந்த வசந்தத்தில், எங்கள் மலையூர் தாஷ்-கெச்சூவில் தேர்தல் நிதிக்கு வந்த பணத்தில், கொடுத்தவருக்குச் சொந்தமில்லாத நோட்டுகள் மட்டும் சூரியன் மறைவதற்குள் எழுந்து, உண்மையான சொந்தக்காரர் வீட்டுக்கு நடந்து போய்விட்டன. ஏன் என்று யாரும் பெரிதாக மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. பள்ளிவாசல் இமாம் யோசித்துச் சொல்கிறேன் என்றார், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். கால்நடை மருத்துவர்தான் பதில் சொன்னார். குதிரையை வேறு பள்ளத்தாக்கில் விற்றால் மூன்று கணவாய் தாண்டி பழைய கொட்டிலுக்கே வந்து நிற்கிறது, அதை யாரும் ஏனென்று கேட்பதில்லையே என்றார். அது நியாயமாகத்தான் பட்டது.

தேர்தல் ஊர்மன்றத்துக்கு. தேர்தல் குழுவுக்குத் தலைவி கணக்கு ஆசிரியை ஷாயிர்குல். அவள் விதிகளைத் தன் உருண்டைக் கையெழுத்தில் எழுதி வங்கிக் கதவில் ஒட்டியிருந்தாள். நன்கொடை தருபவர் நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும், பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், பாஸ்போர்ட்டுடன் தானே வர வேண்டும், வரம்புக்கு மேல் தரக்கூடாது, பெயர் சொல்லாமல் தரக்கூடாது, தன் சொந்தப் பணத்தைத்தான் தர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் நிதியிலிருந்து வைப்புத்தொகை கட்டாத வேட்பாளர் பட்டியலில் இருக்க மாட்டார். இந்த விதிகள் பல தேர்தல்களாக அதே கதவில்தான் இருந்தன. ஆட்கள் படிக்காததைப் பணம் படித்துவிட்டது என்று ஷாயிர்குல் சொன்னாள்.

போட்டி பாலத்தைப் பற்றியது. ஆறு ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு ஓடுகிறது. இக்கரையில் வங்கி, கடைகள். அக்கரையில் முப்பத்தொரு வீடுகளும் மருத்துவ உதவியாளர் கனிஷாயும். நடுவில் பாலம் கிடையாது, மாதில்பெக்கின் லாரிதான். தலைக்கு முப்பது சோம் வாங்கிக்கொண்டு அவர் ஆட்களை ஏற்றி, லாரியை ஆற்றுக்குள் இறக்கி மறுகரை சேர்ப்பார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், அக்கரையில் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய ஒரே மகள் மீரிம் பிரசவ வலியோடு மருத்துவமனைக்குப் போகக் கரையில் காத்திருந்தபோது அவருடைய பழைய லாரியின் அச்சு ஆற்று நடுவில் முறிந்தது. கனிஷாய் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தாள், தாயும் பிழைக்கவில்லை, பிள்ளையும் பிழைக்கவில்லை. மாதில்பெக் அடுத்த வாரமே மாடுகளில் பாதியை விற்று, ஆளுயரச் சக்கரம் வைத்த வேறு லாரி வாங்கினார். அதிலிருந்து, பாலம் வேண்டும் என்று யார் சொன்னாலும் தன் லாரியைக் குற்றம் சொல்வதாகவும், லாரியைச் சொல்வது மீரிமின் சாவைச் சொல்வதாகவும் அவருக்குப் பட்டது. பாலம் கேட்டுக் கனிஷாய் தேர்தலில் நின்றாள். மாதில்பெக் தன் அக்காள் மகனை எதிரே நிறுத்தினார். மனிதர் கெட்டவர் இல்லை. ஆறாத புண்ணோடு நடமாடியவர், அவ்வளவுதான்.

முதலில் ஊர் சிரித்தது மாதில்பெக்கைப் பார்த்துத்தான். தனியாள் வரம்பு அவருக்குப் போதவில்லை. அதனால் தன் மணல் குவாரி ஆட்கள் நாற்பது பேர் கையில் நோட்டைத் திணித்து, அவரவர் பெயரில் வங்கியில் கட்டச் சொன்னார். கட்டினார்கள். மாலையில் அந்த நோட்டுகள் வங்கியைவிட்டு இறங்கி, முழங்கால் உயரத்தில், மேய்ச்சல் முடிந்த ஆடுகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிய தெருவில் வந்தன. லாரி வந்தபோது ஒதுங்கி நின்று வழிவிட்டன. மாதில்பெக் வீட்டு நாய் குரைக்கவில்லை, வீட்டுக் காசு என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. அவர் மனைவி அய்ஜாமால் கதவைத் திறந்துவிட்டு, "நாப்பதும் வந்தாச்சு, எண்ணிப் பாக்கவே வேணாம்" என்றாள். அக்காள் மகன் பாடு பரவாயில்லை, தன் தந்தை விட்டுப்போன தோட்டத்தை விற்று வைப்புத்தொகையைக் கட்டிவிட்டான்.

சிரிப்பு நான்கு நாள்கூட நீடிக்கவில்லை. அக்கரை வெல்டர் எசென்கான் கனிஷாய்க்காக வீடு வீடாகப் போய்ப் பணம் சேர்த்தான். எங்கள் பக்கம் விருந்துக்குப் போனால் வழக்கம் அதுதானே. உறவு முழுக்கப் போடும், ஒருவர் எல்லோருக்குமாகக் கொண்டுபோய்க் கொடுப்பார், அவர் பெயரைச் சொல்லித்தான் வாழ்த்துவார்கள். எசென்கானும் கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி வெள்ளைக் கம்பளித் தொப்பி வைத்துக்கொண்டு, யாரும் வராத மதிய நேரத்தில் வங்கிக்குப் போய் மொத்தத்தையும் தன் பெயரில் கட்டினான். மாலையில் முப்பத்தொரு வீட்டுக் காசும் ஆற்றைக் கடந்து திரும்பியது. தண்ணீருக்கு மேல் கல் கல்லாகத் தாவி வந்ததைப் பெண்கள் பார்த்தார்கள். மேய்ச்சல் மலைக்குப் போய்விட்ட மூன்று பேருடைய நோட்டுகள் கணவாயில் பனி உருகும்வரை மூன்று நாள் காத்திருந்து ஏறின.

"ஏன்டா, கதவுல எழுதி ஒட்டியிருக்கே, கண்ணு எங்க போச்சு?" என்று கனிஷாய் கேட்டாள்.

"படிச்சேன்க்கா. அது மாதில்பெக் மாதிரி ஆளுங்களுக்குன்னு நெனச்சேன். நம்மது கூட்டுக் காசு, நல்ல காசு."

"நல்ல காசுக்கும் கால் இருக்குடா."

எசென்கான் கட்டிய பணத்தில் கனிஷாயின் தம்பி எர்மெக் மாஸ்கோவிலிருந்து அனுப்பிய ஐயாயிரமும் இருந்தது. கட்டட வேலைக்குப் போன இடத்தில், போலீஸ் தொல்லை தாங்காமல் அவன் போன ஆண்டு அந்த நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கி, நம் நாட்டுக் குடிமகன் இல்லாமல் ஆகிவிட்டான். அந்த நோட்டு ஆற்றைக் கடக்கவில்லை, வடக்கே திரும்பி ரயில் பாதையோரம் நடக்க ஆரம்பித்தது. கசாக் புல்வெளியில் அதைப் பார்த்ததாக லாரிக்காரர்கள் சொன்னார்கள். நவம்பரில்தான் அவன் விடுதிக் கட்டிலில் போய்ச் சேர்ந்தது. "அக்கா, காசு வந்துடுச்சு, குளிர்ல நடுங்குது" என்று போனில் அழுதான். தன் ஊருக்குத் தன் காசு ஆகாமல் போனதை அவனால் தாங்க முடியவில்லை. யாரால் முடியும்.

கனிஷாயின் நிதி புதன்கிழமை மாலை காலியாக இருந்தது. இரண்டு நாளில் அக்கரை ஆட்கள் ஒவ்வொருவரும் தானே வங்கிக்கு வர வேண்டும். வியாழக்கிழமை காலை மாதில்பெக் லாரியில் அச்சுக் கோளாறு என்று சொல்லிவிட்டார். ஆறு நிரம்பிப் போனது. இருந்தும் வெள்ளி காலை குதிரையில் வந்தார்கள், ஒரு குதிரைக்கு இரண்டு பேர், பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு, இடுப்புவரை நனைந்து. வங்கித் தரையெல்லாம் ஈரம். இருபத்தாறு வீட்டார் கொடுத்தார்கள். மூன்று பேர் மலைமேல், ஒருவருக்குக் கால் உடைந்திருந்தது, ஒருவருடைய பாஸ்போர்ட் காலாவதி. நான்கு மணிக்கு எண்ணிப் பார்த்தபோது மூவாயிரம் சோம் குறைந்தது. கனிஷாய் தன்னிடம் இருந்ததை அன்று காலையே போட்டுவிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

அப்போது அய்ஜாமால் வந்தாள். கையில் துணிப்பை, அதில் மூவாயிரம் சோம். கோடைதோறும் அவள் உப்புத் தயிர் உருண்டை பிடித்துச் சாலையோரம் விற்பது ஊருக்கே தெரியும். பாஸ்போர்ட்டை ஜன்னலில் வைத்து, "கனிஷாய்க்கு" என்றாள். விஷயம் காதுக்கு எட்டி மாதில்பெக் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அது என் காசு. பசு என்னுது, புல்லு என்னுது, உப்புகூட நான் வாங்கிப் போட்டது."

"உருண்டை புடிச்ச கை?" என்றாள் அய்ஜாமால், அவரைப் பார்க்காமல்.

"முப்பது வருஷமா என் வீட்டுச் சோறு தின்ன கைதானே?"

ஷாயிர்குல் கண்ணாடியைத் துடைத்தாள். "அண்ணே, சண்டை வேணாம். காசுக்கே தெரியும். சூரியன் மறையட்டும், ரசீது அப்புறம் தரேன். நானும் இங்கயே உக்காந்திருக்கேன்."

ஆக, ஊர் மொத்தமும் மாதில்பெக் வீட்டு வாசலில் கூடியது. யாரோ சூரியகாந்தி விதை பங்கிட்டார்கள். கனிஷாய் வரவில்லை, வங்கிப் பெஞ்சிலேயே இருந்தாள். மாதில்பெக் வாசல் கதவை அகலத் திறந்துவைத்து, முக்காலி போட்டு, தெருவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். நாற்பது நோட்டும் வந்த வழி அது. அய்ஜாமால் உள்ளே தேநீருக்கு அடுப்பை மூட்டினாள், கழுவி அடுக்கிய கோப்பைகளை அவள் மறுபடி எடுத்துக் கழுவியதை வாசலில் இருந்தவர்கள் கேட்டார்கள். நோட்டு வந்துவிட்டால் முப்பது ஆண்டில் அவளுடையது என்று எதுவுமே இல்லை என்றாகும். அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வெயில் எதிர் மலையில் ஏறி, உச்சிப் பனியில் சிவந்து, அணைந்தது. தெரு காலியாக இருந்தது. ஒரு வாத்துக்கூட்டம் போனது, அவ்வளவுதான். எசென்கான் வங்கிப் பக்கமிருந்து ஓடி வந்து, "ரசீது போட்டாச்சு" என்றான்.

எல்லோரும் கலைந்த பிறகும் மாதில்பெக் முக்காலியைவிட்டு எழவில்லை. மகள் செத்த நாளிலிருந்து அய்ஜாமால் அவரை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. கணவன் பெயரைச் சொல்வது எங்கள் பெண்களுக்கு வழக்கமில்லை, பிள்ளையின் பெயரை வைத்துத்தான் கூப்பிடுவார்கள், அந்தப் பெயரை அவளால் சொல்ல முடியவில்லை. அன்று அவள் வாசலுக்கு வந்து நின்றாள்.

"மீரிம் அப்பா, உள்ள வாங்க. டீ ஆறுது."

அவர் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார், பிறகு எழுந்து உள்ளே போனார். மறுநாள் லாரியின் அச்சு தானாகச் சரியாகிவிட்டது. வாக்குப்பதிவு நாளில் அக்கரைக்காரர்களை அவரே காசு வாங்காமல் ஏற்றி வந்தார்.

கனிஷாய் ஜெயித்தாள். பாலம் வருவதற்குள் மூன்று ஆண்டு ஓடி, இரண்டு அமைச்சர்கள் மாறினார்கள். எங்கள் வங்கியில் இன்றும் நன்கொடைக்கு ரசீது சூரியன் மறைந்த பிறகுதான், புதிதாக மாற்றலாகி வரும் குமாஸ்தாவுக்கு முதல் நாளே அதைச் சொல்லிவிடுவார்கள். அடுத்த தேர்தலில் மாதில்பெக் லாரியை விற்று, வரம்புக்கு உட்பட்டு, தன் பெயரில் கனிஷாயின் நிதிக்குக் கட்டினார். அன்று மாலை ஒரே ஒரு நூறு சோம் நோட்டு மட்டும் பாலத்தோரமாக நடந்து வந்து, வாசலில் மாதில்பெக்கைத் தாண்டிப் போய், அய்ஜாமாலின் மேலங்கிப் பைக்குள் ஏறிக்கொண்டது.

"உன்னுது ஒண்ணு கலந்துபோச்சு போல" என்றார் மாதில்பெக்.

அவள் சரி என்றாள்.